நரி பரியானது டிரான்ஸ்ஃபார்ம், பரி நரியானது ரிவர்ட்

என் தம்பி மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரை செல்லூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தவள், நீளமான நோட்டு ஒன்றை விரித்து என் மடியில் வைத்தாள். "அத்தை, இதுல எது எந்த இடத்துல வரும்னே புரியல" என்றாள்.

பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ப் பொருள். ஆல்டர் – மாற்று. மாடிஃபை – மாற்று. கன்வெர்ட் – மாற்று. டிரான்ஸ்ஃபார்ம் – மாற்று. மியூட்டேட் – மாறு. எவால்வ் – மாறு. இப்படியே பக்கம் முழுக்க. வலது பக்கத்தில் பாதிக்கு மேல் மேற்கோள் புள்ளிகளாகவே கீழே இறங்கியிருந்தன. அவள் தப்பாக எதுவும் எழுதவில்லை. கைடு புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இருபது சொல்லுக்கும் ஒரே பொருள் என்றால், இருபது சொல் எதற்கு?

தமிழ் வழிப் பள்ளியில் பல வருடம் ஆங்கிலம் நடத்தியவள் நான். இந்த நோட்டை எத்தனையோ பிள்ளைகளின் கையில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். இந்தச் சொற்கள் ஒன்றல்ல. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு சின்னப் படம் இருக்கிறது. ஒன்றுக்குள் பண்டமாற்று நடக்கிறது. ஒன்றுக்குள் ஏர் திரும்புகிறது. ஒன்றுக்குள் யாரோ பாயை விரிக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டால் பொருளை உருப்போட வேண்டியதில்லை.

படத்தைப் பார்க்கும் வித்தையும் நமக்குப் புதிது இல்லை. பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பீர்களே? வந்தான் என்பதை வா, த், த், ஆன் என்று பிரிப்போம். 'வா' பகுதி, அது 'வ' என்று குறுகியது விகாரம். முதல் 'த்' சந்தி, அது 'ந்' ஆனது விகாரம். அடுத்த 'த்' இறந்தகால இடைநிலை. 'ஆன்' ஆண்பால் வினைமுற்று விகுதி. மதிப்பெண்ணுக்காகப் படித்த அதே கத்தியை எடுத்து ஆங்கிலச் சொல்லை வெட்டிப் பாருங்கள். அழகாக வெட்டுப்படும்.

ஒரே ஒரு வித்தியாசம். தமிழில் பகுதி முதலில் நிற்கும், மற்றதெல்லாம் பின்னால் சேரும். லத்தீனில் பகுதிக்கு முன்னாலும் ஒட்டும். நீதி, அநீதி என்று வடசொல்லில் முன்னால் 'அ' ஒட்டுகிறதே, அந்த மாதிரி. ஆங்கிலத்தில் லத்தீன் எப்படி வந்தது என்றால், 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். பிரெஞ்சு லத்தீனின் மகள். நீதிமன்றமும் அரண்மனையும் அந்த மொழியில் பேசின. பிறகு சில நூற்றாண்டுகள் கழித்துப் படித்தவர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் நேரடியாகவே சொற்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். நம் மொழியில் 'நாள்' இருக்க 'தினம்' வந்து பக்கத்தில் உட்கார்ந்த கதைதான்.

கண்டக்டர் கேட்கும் சேஞ்ச்

முதலில் சேஞ்ச் என்ற சொல்லையே எடுப்போம். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் கண்டக்டர் என்ன கேட்பார்? "சேஞ்ச் இல்லையாம்மா?" மாற்றம் என்ற பொருளுள்ள சொல் சில்லறையைக் குறிப்பது ஏன்?

சேஞ்ச் பழைய பிரெஞ்சு வழியாகக் 'காம்பியாரே' என்ற பிற்கால லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் பண்டமாற்று செய்வது, ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது. இன்றும் இத்தாலியில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடைப் பலகையில் 'காம்பியோ' என்றுதான் எழுதியிருக்கும். ஆக, கண்டக்டர் பேசுவதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். நம் தமிழும் இதே வழியில்தான் போயிருக்கிறது. பண்ட'மாற்று' என்கிறோம், சில்லறை 'மாற்றி'க்கொண்டு வா என்கிறோம். மதுரை வட்டாரத்தில் ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. கிரேக்க அறிஞர் தாலமி இந்த ஊரை 'மோதூரா, பாண்டியனின் அரச நகரம்' என்று குறித்து வைத்திருக்கிறார். மிளகுக்கும் முத்துக்கும் பொன் கைமாறிய காலம் அது. மாற்றம் என்ற எண்ணத்துக்குப் பின்னால் ஒரு சந்தை இருப்பது மதுரைக்காரர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

பட்டா மாறுதலும் மனமொத்த மாறுதலும்

லத்தீனில் மாற்றத்துக்கான முக்கியமான வினை 'மூட்டாரே'. இதற்குள்ளும் கைமாற்றம்தான் இருக்கிறது. ஒன்று போகும், அதன் இடத்தில் இன்னொன்று வரும்.

இதிலிருந்து வந்த மியூட்டேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு வைரஸ் நினைவு வரும். மரபணுவில் ஓர் எழுத்து போய் அங்கே இன்னோர் எழுத்து வந்து உட்காருவது மியூட்டேஷன். சரிதான். ஆனால் உங்கள் அப்பாவுக்கு வேறு மியூட்டேஷன் தெரியும். வயல் ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்குப் போனால் தாலுகா ஆபீசில் பட்டா மாறுதலுக்கு மனு கொடுப்பார்களே, ஆங்கிலத்தில் எழுதும் நிலப் பதிவேட்டில் அதன் பெயர் மியூட்டேஷன். நிலம் அப்படியே கிடக்கும். வரப்பு நகராது, கிணறு நகராது. ஒரு பெயர் வெளியே போய் இன்னொரு பெயர் உள்ளே வரும். மரபணுவில் நடப்பதும் அதுதான். இந்த ஓர் உதாரணத்தை நான் சொன்ன பிறகு யாரும் மியூட்டேஷனை மறந்ததில்லை.

அடுத்தது மியூச்சுவல். இதுவும் மூட்டாரேயின் குடும்பம்தான். பரஸ்பரம், அதாவது நீ கொடு நான் கொடுக்கிறேன். ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று உண்டு. மேலூரில் வேலை பார்ப்பவர் உசிலம்பட்டிக்குப் போக வேண்டும், உசிலம்பட்டிக்காரர் மேலூருக்கு வர வேண்டும் என்றால் இருவரும் சேர்ந்து மியூச்சுவல் டிரான்ஸ்ஃபர் கேட்பார்கள். நம் அரசாணைத் தமிழில் அதற்கு 'மனமொத்த மாறுதல்' என்று பெயர். எவ்வளவு நல்ல சொல் பாருங்கள்! லத்தீன் மாற்றத்தை மட்டும் சொன்னது. நம்மவர்கள் மனத்தையும் சேர்த்துவிட்டார்கள்.

கம்யூட் என்ற சொல் இன்னும் சுவாரசியமானது. 'காம்' என்பது முழுமையாக, சேர்த்து என்ற பொருளைக் கொடுக்கும் முன்னொட்டு. ஒன்றை முழுசாக இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்வது கம்யூட். மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தால் கம்யூட் செய்தார்கள் என்பார்கள். ஆளுநரின் அதிகாரத்தைச் சொல்லும் அரசியலமைப்பின் 161ஆம் பிரிவில் இந்தச் சொல் இருக்கிறது. ஓய்வு பெறும் அரசு ஊழியர் மாதாமாதம் வர வேண்டிய பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டால் அது கம்யூட்டேஷன். அப்படியானால் விருதுநகரிலிருந்து தினமும் ரயிலில் மதுரைக்கு வேலைக்கு வருகிறவரை ஏன் கம்யூட்டர் என்கிறார்கள்? அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் சீசன் டிக்கெட்டின் பெயர் 'கம்யூட்டேஷன் டிக்கெட்'. தினசரிக் கட்டணங்களைக் குறைந்த ஒரே தொகையாக மாற்றிக் கட்டுகிற டிக்கெட் என்று அர்த்தம். அந்த டிக்கெட் வைத்திருந்தவர் கம்யூட்டர் ஆனார். பென்ஷன்காரரும் சீசன் டிக்கெட்காரரும் செய்தது ஒரே காரியம்தான்.

ஏர் திரும்பும் இடம்

எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் 'வெர்ட்டெரே'. பொருள்: திரும்பு, திருப்பு.

இன்வெர்டர் இல்லாத வீடு இப்போது குறைவு. பேட்டரியில் ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை, திசை மாறி மாறி ஓடும் மின்சாரமாகத் திருப்பிக் கொடுப்பது இன்வெர்டர். நம் நாட்டில் அது வினாடிக்கு 50 சுற்று. அதாவது வினாடிக்கு நூறு முறை திசை திரும்புகிறது. ரோட்டைத் தோண்டிப் போட்டால் 'டைவர்ஷன்' பலகை வைப்பார்கள். 'டிஸ்' என்றால் விலகி, ஆக விலகித் திரும்பு. வண்டியில் ரிவர்ஸ் கியர் இருக்கிறது. 'ரி' என்றால் பின்னால், மறுபடி. ஆனிவர்சரி என்பது வருடம் ஒரு சுற்றுத் திரும்பி வருவது. அட்வர்டைஸ்மென்ட் என்பது ஒன்றை நோக்கி நம் கவனத்தைத் திருப்புவது. மதுரையில் சுவர் போஸ்டர்களுக்கு நடுவே கழுத்தைத் திருப்பாமல் ஒரு தெருவைக் கடந்துவிட முடியுமா?

1966இல் தொடங்கிய நம் மதுரைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். யுனிவர்சிட்டியில் 'யூனி' ஒன்று, 'வெர்ஸ்' திரும்பியது. எல்லாரும் ஒரு திசையில் திரும்பி ஒன்றானது. அங்கே இருக்கும் வைஸ் சான்ஸலரின் 'வைஸ்' கூட மாற்றச் சொல்தான். 'விகிஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு முறை மாறுவது, ஒருவர் இடத்தில் இன்னொருவர் வருவது என்று பொருள். வேந்தரின் இடத்தில் நின்று காரியம் பார்ப்பவர் துணைவேந்தர். விகிஸும் வெர்ட்டெரேயும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான் 'வைஸ் வெர்ஸா', முறை திரும்பினால் என்று அர்த்தம்.

கவிதை வரியை ஆங்கிலத்தில் வெர்ஸ் என்பார்கள். அதுவும் வெர்ட்டெரேதான். கவிதைக்கும் திரும்புவதற்கும் என்ன சம்பந்தம்? என் அப்பாவுக்கு வாடிப்பட்டிப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. சின்ன வயதில் வரப்பில் உட்கார்ந்து உழவைப் பார்த்திருக்கிறேன். மாடுகள் வயலின் கடைசி வரை போகும். அங்கே அப்பா மேழியைத் தூக்கி, "திரும்பு, திரும்பு" என்று அதட்டி மாட்டைத் திருப்புவார். அடுத்த சால் ஆரம்பிக்கும். லத்தீனில் 'வெர்சுஸ்' என்றால் இந்தத் திருப்பம், இந்தச் சால். எழுதும்போதும் ஒரு வரி முடிந்தால் திரும்பி வந்து அடுத்த வரியைப் பிடிக்கிறோம் அல்லவா? அதனால் வரிக்கும் அதே பெயர் வந்தது.

இதில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. வடமொழியில் 'வ்ருத்' என்ற வேருக்கும் திரும்பு, சுழல் என்றுதான் பொருள். லத்தீனும் வடமொழியும் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த இரண்டு வேர்களும் ஒரே பழைய வேரின் கிளைகள். அந்தக் கிளை தமிழுக்குள்ளும் வந்திருக்கிறது. ஜிபே செய்தால் 'பரிவர்த்தனை' வெற்றி என்று செய்தி வருகிறதே, அந்த வர்த்தனை அதுதான். கச்சேரியில் மிருதங்கக்காரர் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் அதுதான். நம் புலவர்கள் பாடிய 'விருத்தம்' அதுதான். விருத்தமும் வெர்ஸும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இதை முதன்முதலில் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆங்கிலத்தில் திரும்பு என்பதற்குச் சாதாரணமாக வரும் 'டர்ன்' வேறு குடும்பம். அதுவும் பட்டறைச் சொல்தான். கிரேக்கத்தில் 'டோர்னோஸ்' என்றால் கடைசல் பிடிப்பவரின் கருவி. ஐடிஐயில் டர்னர் படிப்பு எடுத்த பையன், லேத்தில் இரும்பைச் சுழலவிட்டுச் செதுக்கும்போது அந்தச் சொல்லின் முதல் பொருளைக் கையால் செய்துகொண்டிருக்கிறான். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்பும் டூரிஸ்டும் அதே வேர்.

மரம், மரங்கள்

இங்கே ஒரு சந்தேகம் வரும். 'ரி' என்றால் மறுபடி, சரி. இல்லை என்று சொல்லும் முன்னொட்டு 'இன்'. அப்படியானால் மாற்ற முடியாதது 'இன்மியூட்டபிள்' என்றுதானே வர வேண்டும்? ஏன் 'இம்மியூட்டபிள்' என்கிறார்கள்? திருப்ப முடியாதது ஏன் 'இர்ரிவெர்சிபிள்'?

மரம், கள் சேர்ந்தால் ஏன் மரங்கள் ஆகிறது? பொன், குடம் சேர்ந்தால் ஏன் பொற்குடம் ஆகிறது? வருகிற எழுத்துக்கு ஏற்றபடி நிற்கிற எழுத்து திரிகிறது. லத்தீனிலும் அதுதான் நடக்கிறது. ம வந்தால் ன் ம் ஆகும், ர வந்தால் ர் ஆகும். நாக்கின் சௌகரியம் மதுரையிலும் ரோமிலும் ஒன்றுதான். மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆகும்போது எழுத்துக் கெடுகிறதல்லவா? டைவர்ட்டில் 'டிஸ்' தன் கடைசி எழுத்தை இழந்து நிற்கிறது. எவால்வில் 'எக்ஸ்' தேய்ந்து 'எ' மட்டும் மிஞ்சியிருக்கிறது. திரிதல், கெடுதல் என்று மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இது பாடமே இல்லை. சொல்லப்போனால் 'திரி' என்ற நம் சொல்லே வெர்ட்டெரேக்கு அருமையான தமிழ். நூல் திரிப்பது முறுக்குவது, பால் திரிந்தால் கெட்டு மாறியது, எழுத்துத் திரிந்தால் வேறானது. பால் கெட்டால் ஆங்கிலத்திலும் பால் 'டர்ன்' ஆனது என்றுதான் சொல்கிறார்கள்.

அடுத்தது ஆல்டர். லத்தீனில் 'ஆல்டெர்' என்றால் இரண்டில் மற்றொன்று. புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்த காலம் மதுரைக்காரர்களுக்கு மறக்காது. இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அங்கே ஒரு ரவிக்கையை ஆல்டரேஷனுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும்? இடுப்பில் ஒரு விரல் பிடிப்பார், கையில் அரை விரல் விடுவார். ரவிக்கை அதே ரவிக்கைதான், ஆனால் இப்போது அது முன்னிருந்ததற்கு மற்றொன்று. ஆல்டர் என்ற சொல்லை எங்கே போடலாம் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. பொருள் அப்படியே இருக்க வேண்டும், சின்னத் திருத்தம் நடந்திருக்க வேண்டும். தமிழிலும் 'மாற்று' என்பதற்குள் இதே 'மற்றொன்று' இருக்கிறது. மாற்றுத் துணி, மாற்றாந்தாய், மாற்றான் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

மாடிஃபைக்குள் 'மோடுஸ்' இருக்கிறது, அதாவது அளவு. அளவுக்குக் கொண்டுவருவது மாடிஃபை. மாடரேட், மாடல் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

உருவம் மாறும் ஊர்

டிரான்ஸ்ஃபார்மில் 'டிரான்ஸ்' என்றால் கடந்து, தாண்டி. 'ஃபோர்மா' என்றால் உருவம். ஓர் உருவத்தைத் தாண்டி இன்னோர் உருவத்துக்குப் போவது. 11,000 வோல்ட்டாக வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற 230 வோல்ட்டாக்கும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை எல்லாருக்கும் தெரியும். ஆனால் மதுரைப் பிள்ளைகளுக்கு நான் வேறு உதாரணம் வைத்திருக்கிறேன்.

மாணிக்கவாசகருக்காக இறைவன் காட்டு நரிகளையெல்லாம் குதிரைகளாக்கிப் பாண்டியனிடம் கொண்டுவந்த கதை தெரியும் அல்லவா? நரி பரியானது டிரான்ஸ்ஃபார்ம். ராத்திரி அந்தக் குதிரைகள் மறுபடி நரிகளாகி லாயத்தில் ஊளையிட்டன. அது டிரான்ஸ்ஃபார்ம் இல்லை, ரிவர்ட். பழைய நிலைக்கே திரும்பியது. திருவிளையாடலில் இரண்டுக்கும் தனித்தனிப் படலம் இருப்பதுபோல் ஆங்கிலத்திலும் தனித்தனிச் சொல் இருக்கிறது. திருப்பூவணத்தில் பொன்னனையாள் வீட்டுப் பாத்திரங்களைச் சித்தர் பொன்னாக்கினாரே, இரசவாதம், அது டிரான்ஸ்மியூட். அங்கே மூட்டாரே வருவதைக் கவனியுங்கள். குடம் குடமாகவே இருக்கிறது, உருவம் மாறவில்லை. உள்ளே இருந்த உலோகம் போய்ப் பொன் வந்தது.

கிரேக்கர்களிடம் டிரான்ஸுக்கு நிகரான முன்னொட்டு 'மெட்டா'. உருவத்துக்கு 'மோர்ஃபே'. இரண்டும் சேர்ந்து மெட்டமார்ஃபசிஸ். தலைப்பிரட்டை வால் சுருங்கி, கால் முளைத்து, தவளையாவதை அறிவியல் புத்தகத்தில் இந்தப் பெயரில்தான் படித்திருப்பீர்கள். சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் இறங்கிய கள்ளழகர் அடுத்த நாள் எங்கே போகிறார்? தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம். துர்வாசர் சாபத்தால் சுதபஸ் முனிவர் தவளையாகி வைகைக் கரையில் கிடந்தார் என்பது கதை. முனிவர் தவளையானதும் மெட்டமார்ஃபசிஸ்தான். அன்று இரவே ராமராயர் மண்டபத்தில் அழகர் விடிய விடியப் பத்து அவதாரக் கோலங்கள் காட்டுகிறார். உருமாற்றத்தைக் கண்ணால் பார்த்து வளர்ந்த ஊர் இது.

டிரான்ஸும் மெட்டாவும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இன்னொன்று. லத்தீனில் 'ஃபெர்ரே' என்றால் சும, தூக்கிக்கொண்டு போ. டிரான்ஸ்ஃபர் என்றால் தாண்டித் தூக்கிக்கொண்டு போவது. கிரேக்கத்தில் அதற்கு நேர்ச் சொல் 'ஃபெரெய்ன்'. மெட்டாவோடு சேர்ந்தால் மெட்டஃபர், நம் உருவகம். நிலாவின் பெயரைத் தூக்கி முகத்தின் மேல் வைப்பதும் ஓர் இடமாற்ற உத்தரவுதான். கிரீஸ் நாட்டில் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரிகளில் இன்றும் 'மெட்டாஃபோரெஸ்' என்று எழுதியிருக்கும். வடமொழி வழியாக நமக்கு வந்த 'பாரம்' கூட இந்தச் சுமக்கும் வேரின் உறவுதான்.

கிரேக்கத்தில் திரும்புதலுக்கு 'ட்ரோபே' என்று ஒரு சொல் உண்டு. அதிலிருந்து வந்தது ட்ராபிக். கோடையில் வடக்கே போகிற சூரியன் ஒரு கோட்டைத் தொட்டுத் திரும்பும். தெற்கே போகும்போதும் அப்படியே. அந்தத் திருப்பக் கோடுகள்தான் கடக ரேகையும் மகர ரேகையும். வானியல் கணக்கில் தெற்கே சூரியன் திரும்புவது டிசம்பர் 21, 22 வாக்கில். நம் பஞ்சாங்கப்படி உத்தராயணத் திருப்பம் தை முதல் நாள். அதே ட்ரோபேயிலிருந்து வந்த இன்னொரு சொல் ட்ராஃபி. எதிரி புறமுதுகு காட்டித் திரும்பி ஓடிய இடத்தில், அவன் போட்டுவிட்டுப் போன ஆயுதங்களைக் கிரேக்கர்கள் ஒரு கம்பத்தில் மாட்டி வைத்தார்கள். திரும்பிய இடத்தின் அடையாளம். தை பிறந்ததும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. சூரியன் திரும்பும் பண்டிகையில் வெற்றி பெற்றவர் கையில் கோப்பை. இரண்டு திருப்பங்களும் வாடிவாசலில் சந்திக்கின்றன.

எவால்வ் எளிது. 'வோல்வெரே' என்றால் சுருட்டு, உருட்டு. சுருட்டி வைத்த பாயை மெல்ல விரிப்பது எவால்வ். பாய் திடீரென்று வேறாவதில்லை, உள்ளே இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. டார்வின் 1859இல் எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் பதிப்பில் எவல்யூஷன் என்ற சொல் கிடையாது. ஆனால் நூலின் கடைசிச் சொல் 'எவால்வ்ட்'. ரிவால்வ் திரும்பத் திரும்ப உருளுவது. ஒரு கேஸில் இன்வால்வ் ஆனவர் அந்தப் பாய்க்குள் சேர்த்துச் சுருட்டப்பட்டவர். வால்யூம் என்றால் பழைய காலத்துப் புத்தகச் சுருள். நம் சுவடி அடுக்கு, அவர்களுடையது சுருள்.

ஒலியை நம்பி ஏமாற வேண்டாம்

வேர் தேட ஆரம்பித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆல்டருக்கும் உயரத்தைச் சொல்லும் ஆல்டிட்யூடுக்கும் சம்பந்தம் இல்லை. அது 'ஆல்டுஸ்', உயர்ந்தது. போனில் இருக்கும் மியூட் பொத்தானுக்கும் மூட்டாரேக்கும் சம்பந்தம் இல்லை. அது ஊமை என்ற பொருளுள்ள வேறு சொல். மீனில் தெளிக்கிறார்கள் என்று செய்தியில் வரும் ஃபார்மலினுக்கும் ஃபோர்மாவுக்கும் சம்பந்தம் இல்லை. அது 'ஃபோர்மிகா', எறும்பு; எறும்பிலிருந்து முதலில் எடுத்த அமிலத்தால் வந்த பெயர்.

தமிழோடு இணைக்கும்போது இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கிரேக்கத்தில் 'அல்லோஸ்' என்றால் வேறு, மற்ற. அலர்ஜி என்ற சொல்லுக்குள் அது இருக்கிறது. 1906இல் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்ற மருத்துவர் உருவாக்கிய சொல். அல்லோஸைக் கேட்டதும் நம் 'அல்ல' என்று மனசு துள்ளும். எனக்கும் துள்ளியது. ஆனால் ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சாட்சி ஆகாது. பல சொற்களில் ஒரே ஒழுங்கில் எழுத்துகள் ஒத்துவர வேண்டும், இடையில் வந்த வழி தெரிய வேண்டும். விருத்தத்துக்கும் வெர்ஸுக்கும் அந்த வழி தெரியும், 'அல்ல'வுக்குத் தெரியாது. நினைவு வைத்துக்கொள்ள மட்டும் 'அல்ல'வைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். உறவு என்று விடைத்தாளில் எழுத வேண்டாம்.

அன்று மத்தியானம் முழுக்க அந்த நோட்டின் அடுத்த பக்கத்தைப் புதிதாக எழுதினோம். நடுக்கோடு போடவில்லை. ஒவ்வொரு வேரையும் நடுவில் எழுதி, அதைச் சுற்றிப் பிள்ளைகளை எழுதச் சொன்னேன். தமிழ்ப் பொருளுக்குப் பதில் படம். கன்வெர்ட் பக்கத்தில் ஒரு வளைந்த அம்பு போட்டாள். ஆல்டர் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல். எவால்வுக்குப் பாதி விரித்த பாய். மியூட்டேஷனுக்கு ஒரு வயலை வரைந்து, உள்ளே தாத்தா பெயரை எழுதி அடித்துவிட்டு, மேலே அவள் அப்பா பெயரை எழுதினாள். மாலைக்குள் ஆறு வேர், அதைச் சுற்றி நாற்பதுக்கும் மேல் சொற்கள்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள். "அத்தை, வெர்டிகல்னா செங்குத்து. அதுலயும் வெர்ட் இருக்கே. நேரா நிக்கிறதுல என்ன திரும்புது? இதுவும் ஒலிய நம்பி ஏமாறுற கேஸா?"

"இல்லத்தா, இது நெசமாவே அந்தக் குடும்பம்தான். இங்க வா" என்று அவளைப் படியில் உட்காரவைத்தேன். லத்தீனில் 'வெர்டெக்ஸ்' என்றால் நீர்ச்சுழி. அப்புறம் தலை உச்சி. அதிலிருந்து உச்சிக்கு நேர் மேலே என்ற பொருள். அவள் தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி, உச்சியில் முடி சுழித்துத் திரும்பும் இடத்தில் விரலை வைத்தேன். "இதுதான் வெர்டெக்ஸ்" என்றேன். அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் சுழியைத் தானே தொட்டுப் பார்த்தாள்.